லண்டன் ஓ.எல் நல்லதுதான், அந்த றிப்போர்ட்டைத்தான் நம்ப ஏலாது

கல்முனையில் இருக்கிற என் மச்சாளின் மகள் தரம் 8 படிக்கிறாள். அடுத்த வருஷம் இன்டர்நெஷனல் ஸ்கூலுக்கு மாத்தலாமா என்று மச்சாள் வொட்ஸப்பில் கேள்வி மேல் கேள்வியாக அனுப்பிக்கொண்டிருக்கிறார். வொய்ஸில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதியே விடுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இதே யோசனையில் இருக்கிற மற்றவர்களுக்கும் உதவும். கட்டடம், ஏசி, யூனிஃபோம், வேன் எல்லாம் நீங்களே போய்ப் பார்த்திருப்பீர்கள். நான் பேசப்போவது படிப்பும் புள்ளியும் மட்டும்தான். எங்கள் மகள் இயர் 7 இல் மட்டக்களப்பு டவுனில் ஒரு ஸ்கூலில் சேர்ந்து, எடெக்செல் என்கிற இங்கிலாந்துப் பரீட்சைச் சபையின் லண்டன் ஓ.எல் (இயர் 11 இல் எழுதுகிற இன்டர்நெஷனல் ஜிசிஎஸ்ஈ) முடித்து, இப்போது அங்கேயே ஏ.எல் படிக்கிறாள். எந்த ஸ்கூல் என்று கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மையாகவே நல்லது. மகள் இயர் 9 இல் செய்த ஒரு கணக்குப் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். ஒருங்கமை சமன்பாடு, 4 புள்ளி. கூட்டும்போது ஓரிடத்தில் பிழை விட்டதில் எக்ஸும் பிழை, அதைப் பிரதியிட்டு எடுத்த வையும் பிழை. பக்கத்தில் டீச்சர் சிவப்புப் பேனையால் வரிக்கு வரி எழுதியிருந்தார்: எம்1, ஏ0, எம்1, ஏ0. எம் என்றால் செய்கை முறைக்கு, ஏ என்றால் சரியான விடைக்கு. இரண்டு விடையும் பிழை, ஆனால் 4 க்கு 2 இருக்கிறது, எந்த இரண்டு போனது என்பதும் பிள்ளைக்குத் தெரிகிறது. நம்முடைய லோக்கல் ஓ.எல் கணிதத்திலும் படிமுறைக்குப் புள்ளி உண்டு, அதை இல்லை என்று சொல்லக் கூடாது. வித்தியாசம் என்னவென்றால், இங்கே அந்த மார்க்கிங் ஸ்கீமையே பாஸ்ட் பேப்பரோடு சேர்த்துப் பிள்ளையின் கையில் கொடுத்து, நீயே திருத்து என்று வகுப்பில் இருத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு பரீட்சைக்கும் பிறகு பரீட்சகர்கள் எழுதுகிற அறிக்கை வேறு வருகிறது, பிள்ளைகள் பொதுவாக எங்கே சறுக்கினார்கள் என்று அதில் கேள்வி கேள்வியாக இருக்கும். மகள் அதை வாசித்துவிட்டு, “அம்மா, கூடும் என்று மட்டும் எழுதினால் காணாது, எதனால் கூடும் என்றும் எழுதினால்தான் அந்தப் புள்ளி” என்று உயிரியலைப் பற்றி எனக்கே வகுப்பு எடுப்பாள். பாடமாக்கி ஒப்புவிக்கிற பிள்ளையாக இருந்தவள் இப்போது கேள்வி என்ன கேட்கிறது என்று பார்க்கிறாள். இதற்காக அந்த டீச்சர்மாருக்கு நான் என்றும் நன்றி உள்ளவள். பாடம் தெரிவுசெய்வதிலும் சுதந்திரம் அதிகம், லோக்கலில் இருக்கிற மாதிரி ஆறு பாடம் கட்டாயம் என்ற இறுக்கம் இல்லை.

சரி, இனி என் வயிறு எரிகிற விஷயத்துக்கு வருகிறேன்.

றிப்போர்ட் கார்ட். ஒவ்வொரு தவணையும் வழுவழுப்பான தாளில், கலரில் வரும். கணிதம் 86, ஏ ஸ்டார். நாங்களும் பூரித்துப்போய் அம்மம்மாவுக்குக் காட்டுவோம். அந்த 86 எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தால், தவணைப் பரீட்சைக்கு 60, மிச்சம் 40 ஹோம்வேர்க், புரொஜெக்ட், வகுப்பில் கை உயர்த்துவது என்று போகிறது. மகளுக்கு அந்த 40 இல் 39. பரீட்சையில் 60 க்கு 47, அதுவும் அந்தத் தவணையில் படிப்பித்த மூன்று நான்கு பாடத்தில் இருந்து அவர்களே போட்ட பேப்பர். 80 க்கு மேல் என்றால் ஏ ஸ்டார் என்பது ஸ்கூல் தானாக வைத்த கணக்கு. உண்மையான பரீட்சையில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. அங்கே தரம் 9 இலிருந்து 1 வரை. 9 தான் உச்சம், 7 என்றால் பழைய ஏ தொடங்குகிற இடம், 4 என்றால் பழைய சி. ஊரில் 9ஏ, அதாவது ஒன்பது பாடத்திலும் ஏ என்றால் எல்லோருக்கும் விளங்கும், கணிதத்துக்கு 7 என்றால் ஏழாம் பிள்ளையா என்று கேட்கிறார்கள். எத்தனை புள்ளிக்கு எந்தத் தரம் என்பதும் முன்கூட்டி முடிவாகி இருக்காது, பேப்பர் எவ்வளவு கஷ்டம் என்று பார்த்து, திருத்திய பிறகுதான் எல்லை போடுவார்கள். அப்படி இருக்க, 86 என்ற இலக்கத்தை வைத்து ஒரு அம்மா என்ன செய்வது?

இயர் 11 இல் மொக் எக்ஸாம் வந்தது, முழு பாஸ்ட் பேப்பர், எடெக்செல் எல்லைப்படியே தரம். கணிதம் 5. அதே பிள்ளை, அதே டீச்சர், போன தவணை ஏ ஸ்டார்! போய்க் கேட்டால், “மொக்கில் எல்லாப் பிள்ளைக்கும் குறையும்தானே அம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். தவணைப் பரீட்சை விடைத்தாளைத் தாருங்கள், வீட்டில் வைத்துப் பார்க்கிறோம் என்றேன். ஸ்கூல் பொலிசிப்படி வெளியே கொடுக்க ஏலாதாம். ஒஃபிஸில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் புரட்டலாம், ஃபோனைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது. இத்தனைக்கும் லண்டன் பரீட்சைச் சபையிடம் கேட்டால் திருத்திய விடைத்தாளையே பார்க்கத் தருகிறார்கள். அவ்வளவு தூரத்தில் இருந்து காட்டுகிறதை, கல்லடிப் பாலம் தாண்டி வந்து கேட்கிற அம்மாவுக்கு இவர்கள் காட்ட மாட்டார்களாம்.

அடுத்தது பரீட்சை விண்ணப்பம். பாடங்களுக்கு நேரே பேப்பர் இலக்கம் அடித்திருந்த ஒரு தாளைக் கையெழுத்துக்கு அனுப்பியிருந்தார்கள். கணிதத்துக்கு நேரே 1எஃப், 2எஃப். எஃப் என்றால் என்ன என்று மகளிடம் கேட்டால் பவுண்டேஷன் என்கிறாள். இன்டர்நெஷனல் ஜிசிஎஸ்ஈ மெத்ஸ் ஏ பேப்பர் இரண்டு மட்டத்தில் வருகிறது. பவுண்டேஷன் எழுதினால், நூற்றுக்கு நூறு எடுத்தாலும் கிடைக்கக்கூடிய அதி கூடிய தரம் 5. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஹையர் எழுத வேண்டும். இதை ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஏ ஸ்டார் என்று வருஷக்கணக்காக எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசியில் 5 க்கு மேல் போக ஏலாத பேப்பருக்குப் பிள்ளையின் பெயரைப் போட்டால் என்ன அர்த்தம்? பிரின்சிப்பல் சொன்ன நியாயத்தையும் சொல்கிறேன். ஹையரில் கீழே 4 தான், மயிரிழையில் தவறினால் 3 கொடுப்பார்கள், அதற்கும் கீழே போனால் யூ, ஒன்றுமே இல்லை. தடுமாறுகிற பிள்ளைக்குப் பவுண்டேஷன் நல்ல பாதுகாப்பு, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் பிள்ளை தடுமாறுகிறாள் என்றால் அதை றிப்போர்ட்டில் எழுதியிருக்க வேண்டும். நாங்கள் விடவில்லை, 1எச், 2எச் என்று மாற்றித்தான் கையெழுத்து வைத்தோம். கொழும்பு சேர் ஒருவரிடம் ஸூமில் ரியூசன் போட்டு, மகள் ஹையர் எழுதி 6 எடுத்தாள்.

கொழும்பில் என்றால் இவ்வளவு கோபம் வராது. அங்கே பக்கத்து வீட்டுப் பிள்ளையும் லண்டன் ஓ.எல் எழுதும், கேட்டுப் பார்க்க ஆள் இருக்கும். இங்கே லோக்கல் பாடத்திட்டம் என்றால் 75 எடுத்தால் ஏ என்று யாரும் சொல்வார்கள், வேறு பாடசாலைப் பிள்ளைகளும் அதே பேப்பரைச் செய்வதால் நம் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரியும், பாஸ்ட் பேப்பர் புத்தகக் கடையில் கிடைக்கும், பிரச்சினை என்றால் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகலாம். இன்டர்நெஷனல் ஸ்கூல்கள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்த கம்பனிகள், வலயப் பணிப்பாளர் வந்து கொப்பி பார்ப்பதில்லை. பிள்ளையின் நிலைமை தெரிய எங்களுக்கு இருக்கிற ஒரே கண்ணாடி அந்த றிப்போர்ட் கார்ட்தான், அதைத்தான் இப்படி மெழுகி வைத்திருக்கிறார்கள்.

காசைப் பற்றியும் மச்சாள் கேட்டிருந்தார். தவணைக் கட்டணம் தெரிந்ததுதான். பரீட்சைக் கட்டணம் ஸ்டேர்லிங் பவுணில் கணக்காகிறது, பாடத்துக்குப் பாடம் தனித்தனி. 2022 இல் ரூபாய் விழுந்து டொலர் 200 இலிருந்து 360 வரை ஏறினபோது பவுணும் சேர்ந்துதான் ஏறியது, நகையை அடகு வைத்துக் கட்டினவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் கெம்பஸ். அரச பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்கிற இசட் புள்ளி லண்டன் ஏ.எல்லுக்குக் கிடையாது. அரச பல்கலைக்கழகத்துக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு, அதில் மட்டக்களப்பும் அம்பாறையும் இருக்கின்றன. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் கண்ணுக்கு முன்னால் நிற்க, அந்தச் சலுகை முழுவதையும் விட்டுக்கொடுத்துத்தான் இந்தப் பாதையில் போகிறோம். தனியார் பரீட்சார்த்தியாக லோக்கல் ஏ.எல்லும் எழுதலாம் என்பார்கள். பாடத்திட்டமே வேறு, பிள்ளை செத்துவிடும்.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு வேண்டாம் என்கிறாயே என்று என் கணவர் கேட்கிறார். மகள் யோசிக்கிற விதம் அந்த ஸ்கூலால்தான் வந்தது என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எங்கள் மகன் இப்போது தரம் 5, அரச பாடசாலையிலேயே இருக்கிறான், அங்கேயேதான் இருப்பான். பாஸ்ட் பேப்பரையும் மார்க்கிங் ஸ்கீமையும் அக்கா வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுப்பாள்.

மச்சாள், அப்படியும் சேர்க்கத்தான் போகிறீர்கள் என்றால், அட்மிஷன் காசு கட்டுவதற்கு முன்னால் போன வருஷத்துப் பிள்ளைகளின் மொக் தரத்தையும் கடைசிப் பரீட்சைத் தரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், அதில் எத்தனை பேர் கணிதத்தில் பவுண்டேஷன் எழுதினார்கள் என்றும் கேளுங்கள். காட்ட மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள்.