பெட்டியில் 500 வாட், அடாப்டரில் 48

வீட்டு முன்னறையிலேயே ஆட்களைப் படமெடுக்கலாம் என்று எல்இடி விளக்கு தேடுகிறவர்கள், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

சென்னையில் ஒரு கேமரா கடை. "ஃபிளாஷ் எதற்கு சார்? இதில் நிழல் எங்கே விழுகிறது என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்றார் கடைக்காரர். அது உண்மைதான், அந்த ஓர் உண்மையில்தான் மயங்கினேன். பெட்டியில் 500 வாட், சிஆர்ஐ 95 என்று அச்சிட்டிருந்தது. சிஆர்ஐ என்றால், விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்குப் போடும் மதிப்பெண். இரண்டு விளக்கும் ஸ்டாண்டும் 11,000 ரூபாய்.

முதல் வேலை, எங்கள் தெருப் பெண்ணின் நிச்சயதார்த்தப் படம். அரக்கு நிறக் காஞ்சிப் பட்டு, படத்தில் பழம்புளி நிறத்தில் இருந்தது. "தம்பி, இது எங்கள் புடவைதானா?" என்று கேட்டார் பெண்ணின் அம்மா. கணினியில் சிவப்பைக் கூட்டினால் கன்னமும் சேர்ந்து சிவந்தது. விளக்கிலேயே அடர்சிவப்பு குறைவாக இருந்தால் பட்டு எதைத் திருப்பி அனுப்பும்? சிஆர்ஐ என்பது எட்டு வெளிர் நிறங்களுக்கான மதிப்பெண்களின் சராசரி. அடர்சிவப்பு அந்தக் கணக்கிலேயே இல்லை. அதற்கான மதிப்பெண் ஆர்9 என்று தனியாக நிற்கிறது. தோலுக்கும் பட்டுக்கும் அதுதான் உயிர். என் பெட்டியில் ஆர்9 பற்றி ஓர் எழுத்தும் இல்லை.

கண் கூசுகிறது என்று அந்தப் பெண் சொன்னதும் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தேன். ஷட்டர் வேகம் 1/250 நொடியில் படம் முழுக்கப் பட்டை பட்டையாக நிழல். மங்கலாக்கும்போது இந்த விளக்கு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. கடையில் முழு வெளிச்சத்தில் மட்டுமே காட்டியதன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன்: 24 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கினால் 48 வாட். "500 வாட் குண்டு பல்புக்கு இணை என்று அர்த்தம் சார்" என்றார் கடைக்காரர், சற்றும் கூசாமல். விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டாராம். கையில் பில்லும் இல்லை, எஸ்டிமேட் சீட்டுதான். வரி மிச்சம் என்று நானும் தலையாட்டியிருந்தேனே! பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறைகள். யுபிஐ ரசீது இருந்ததால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாராவது பதிய முடிந்தது.

வாங்கப் போகிறவர்கள் ஒரு சிவப்புத் துணியைக் கொண்டுபோங்கள். கடை வாசல் வெயிலில் ஒரு படம், விளக்கடியில் ஒரு படம். பிறகு வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, கைப்பேசியின் ஸ்லோ மோஷனில் பிடித்து, பட்டை ஓடுகிறதா, விளக்கு துடிக்கிறதா என்று பாருங்கள். அடாப்டரையும் புரட்டிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அந்தப் பெண்ணை மறுநாள் காலை ஜன்னலோரம் உட்காரவைத்து, எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நிறுத்தி எடுத்தேன். பட்டு அரக்காகவே வந்தது. விளக்குகளில் ஒன்று இப்போது மொட்டை மாடிப் படிக்கட்டில் எரிகிறது.