டெட்ராய்ட் டவுன்டவுன் வாக்கிங் டூர்: பிங்க்ரீ சிலைக்காகவே போகலாம்

போன சனிக்கிழமை குடும்பத்தோடு டெட்ராய்ட் டவுன்டவுனில் இரண்டு மணி நேர வாக்கிங் டூர் போய் வந்தோம். கைடு நன்றாகப் பேசினார், கூட்டமும் பத்துப் பேருக்குள்தான், கொடுத்த காசுக்கு மோசமில்லை. ஆனால் கிராண்ட் சர்க்கஸ் பார்க்கில் ஹேசன் பிங்க்ரீ சிலை முன்னால் இரண்டே நிமிடம்தான் நிறுத்தினார்கள், அது எனக்குப் பொறுக்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்த வெண்கல மனிதர் 1890-ல் இந்த ஊர் மேயராகப் பொறுப்பேற்றவர், நாலு தேர்தலில் வரிசையாக ஜெயித்தவர். ஷூ கம்பெனி முதலாளி, குடியரசுக் கட்சிக்காரர். நம்ம ஆள் என்று நம்பித்தான் பணக்காரர்கள் அவரை நிறுத்தினார்கள், அவரோ நாற்காலியில் உட்கார்ந்ததும் டிராம் கம்பெனி, கேஸ் கம்பெனி என்று ஒவ்வொருவரோடும் மல்லுக்கு நின்றார். 5 சென்ட் டிராம் கட்டணத்தை 3 சென்ட்டாகக் குறைக்கச் சொல்லி வருடக்கணக்கில் போராடினார். தெருவிளக்குக்கு நகராட்சியே சொந்தமாக மின் நிலையம் வைத்ததும் அவர் காலத்தில்தான்.

கைடு சொல்லாமல் விட்டது உருளைக்கிழங்குக் கதையை. 1893 பொருளாதார நெருக்கடியில் வேலை போய், போலந்து, ஜெர்மன் குடியேறிகள் நிறையப் பேர் சாப்பாட்டுக்கே தவித்தார்கள். அடுத்த வருடம் பிங்க்ரீ காலி மனைகளைச் சொந்தக்காரர்களிடம் கேட்டு வாங்கி, உழுது, விதையும் கொடுத்து, 'உருளைக்கிழங்கு மாதிரிப் பயிர் வைத்துச் சாப்பிடுங்கள்' என்று ஏழைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஊரே கேலி செய்தது, சர்ச்சுகளில் வசூல் கேட்டால் சொற்பம்தான் தேறியது, அதனால் தன் குதிரையையே ஏலத்தில் விட்டுப் பணம் புரட்டினார். அந்த வருடமே நல்ல விளைச்சல், அப்புறம் மற்ற நகரங்களும் அதே வழிக்கு வந்தன.

எல்லாமே சரி என்று சொல்ல மாட்டேன். 1896-ல் மிச்சிகன் கவர்னர் தேர்தலில் ஜெயித்த பிறகும் மேயர் பதவியை விடாமல் இரண்டையும் வைத்துக்கொள்ளப் பார்த்தார், மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் விட்டார். அது தப்புதான்.

சிலை 1904-ல் மக்கள் நன்கொடையில் வைத்தது. பீடத்தில் 'மக்களின் ஆதர்சம்' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது, பெரிய தனியார் கம்பெனிகளால் வரும் ஆபத்தை முதலில் எச்சரித்தவர் என்றும் எழுதியிருக்கிறார்கள். என் மகள் அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் கூட்டம் வுட்வர்ட் அவென்யூவில் அடுத்த சிக்னலுக்கே போய்விட்டது. போகிறவர்கள் பிங்க்ரீ சிலையிடம் பத்து நிமிடமாவது வேண்டும் என்று கைடிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.