முழு மீன் அவிக்க: வாணலியா, இட்லிப் பானையா, மூங்கில் கூடையா?

இஞ்சி, வெங்காயத்தாள், சோயா சாஸ். கான்டனீஸ் (தென் சீன) முறையில் முழு மீன் அவிக்க இவ்வளவுதான் வேண்டும். பாத்திரம்தான் குழப்பும். எங்கள் தேர்வு, மூடி போட்ட அகல வாணலி.

மூங்கில் கூடையில் ஒரு வசதி உண்டு: மூடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மீன் மேல் சொட்டாது. ஆனால் அதற்கும் அடியில் வாணலி வைத்தாக வேண்டும். நன்றாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், மீன் வாடையும் எளிதில் போகாது.

இட்லிப் பானை கையில் இருப்பதால் அதில்தான் பலரும் தொடங்குகிறார்கள். சிக்கல் ஆவி போகும் வழியில். இட்லித் தட்டின் துளைகள் மேல் மீன் தட்டை வைத்தால் துளைகள் அடைபடுகின்றன. ஓரத்தில் கசியும் கொஞ்ச ஆவி மேல்பக்கத்தை வேகவைக்கும். அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கும். அது வேகட்டும் என்று காத்திருந்தால் மேல் சதை வறண்டுவிடும். 600 கிராம் கொடுவா பெரும்பாலான வீட்டுப் பானைகளுக்குள் நீட்டிப் படுக்கவும் படுக்காது. சிறிய வவ்வால் என்றால் பானையே போதும். இட்லித் தட்டை எடுத்துவிட்டு உயரமான ஸ்டாண்ட் வையுங்கள்.

வாணலியில் தட்டைச் சுற்றி விரற்கடை இடைவெளி கிடைக்கும், ஆவி தாராளமாக ஏறும். ஸ்டாண்டுக்குக் கீழே இரண்டு அங்குலம் தண்ணீர். அது தளதளவென்று கொதித்த பிறகே மீன் உள்ளே போக வேண்டும். தட்டில் மீனுக்கு அடியில் இரண்டு சாப்ஸ்டிக் கொடுத்தால் அடியிலும் ஆவி பாயும். மூடியைத் துணியால் கட்டினால் சொட்டாது. துணி முனைகளை மேலே முடிந்துவிடுங்கள், தீப் பிடிக்கக் கூடாது.

மீனைச் செதில், குடல், செவுள் நீக்கி, நடுமுள்ளை ஒட்டிய ரத்தக்கட்டையும் சுரண்டிவிட வேண்டும். வாடை அங்கிருந்துதான் வரும். தடித்த பகுதியில் இரண்டு கீறல், வயிற்றில் நான்கு இஞ்சி வில்லை. 600 கிராமுக்கு முழுத் தீயில் 8 முதல் 9 நிமிடம், அணைத்துவிட்டு மூடியபடி 1 நிமிடம். கீறலில் குச்சி முள் வரை தடையின்றி இறங்கினால் வெந்துவிட்டது. எடையைவிடத் தடிமன்தான் கணக்கு. ஒரு கிலோவைத் தாண்டினால் இந்த நிமிடங்களை நம்பாமல் குத்திப் பாருங்கள்.

தட்டில் தேங்கிய நீரை முழுக்க வடித்துவிடுங்கள். சாஸை முன்பே ஊற்றினால் அந்த நீரோடு கலந்து கவிச்சி அடிக்கும். வடித்த பிறகு, மெல்லியதாக நறுக்கிய இஞ்சியையும் வெங்காயத்தாளையும் பரப்பி, புகை கிளம்பும் சூட்டில் 3 மேசைக்கரண்டி கடலை எண்ணெயை மேலே ஊற்றுங்கள். சடசடவென்று பொரியாவிட்டால் எண்ணெய் சூடு போதவில்லை. 2 மேசைக்கரண்டி சோயா சாஸ், அதே அளவு தண்ணீர், 1 தேக்கரண்டி சர்க்கரை சேர்த்துச் சூடாக்கி, மீன் மேல் படாமல் தட்டின் ஓரமாக விடுங்கள்.