சில்வர் நானோவயர் கிட்: வயர் அருமை, ஒட்ட வைக்க சொன்ன வழிதான் சரியில்ல

குன்னூர்ல எங்க காலேஜ் பசங்க ப்ராஜெக்டுக்காக ஆன்லைன்ல வாங்கின கிட் இது. ஆல்கஹால்ல கலந்த நானோவயர், அதாவது தலைமுடிய விட ரொம்ப ரொம்ப மெல்லிசான வெள்ளி வயர், ஒரு சின்ன பாட்டில்ல, கூட பெட் (PET, தண்ணி பாட்டில் செய்யுற பிளாஸ்டிக்) ஷீட்டு, பூசுறதுக்கு ஒரு ராடு, அப்புறம் அரைப்பக்க குறிப்பு. வயர் பூசின ஷீட்டுல கரண்ட விட்டா சூடாகும், அத வச்சு ஹெல்மெட் வைசருல பனி படியாம இருக்க ஹீட்டர் பண்ணணும்னு பசங்களுக்கு ஆசை, கோத்தகிரி ரோட்டுல விடிகாலைல வண்டி ஓட்டினவங்களுக்கு ஏன்னு தெரியும்.

வயர் தரத்துல குறையே சொல்ல முடியாது. பாட்டில மெதுவா ஆட்டிட்டு ஊத்தி ராடால ஒரே இழுப்பு இழுத்தா கட்டி தட்டாம சமமா பரவுது, காஞ்சப்புறம் ஷீட்டு வழியா எதுத்த தேயிலைத் தோட்டம் பளிச்சுனு தெரியுது.

ஆனா மல்டிமீட்டர் வச்சா ரெசிஸ்டன்ஸ் (கரண்டுக்கு இருக்கிற தடை) எக்கச்சக்கம். பந்தல் மூங்கில கயித்தால கட்டாம அடுக்கி வச்ச மாதிரி வயர் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சும்மா கிடக்கு, போதாததுக்கு ஒவ்வொண்ணு மேலயும் பிவிபின்னு ஒரு பாலிமர் தோல், தயாரிக்கும்போது நீளமா வளரணும்னு சேக்குறது, அது கரண்ட விடாது. அதனால வயர் குறுக்க சந்திக்கிற இடத்த எல்லாம் ஒட்ட வைக்கிறதுலதான் மொத்த வேலையும் இருக்கு, குறிப்புல அத ஒரே வரில முடிச்சிட்டாங்க: 200 டிகிரில ஓவன்ல வைங்க.

கண்ணாடி மேல பூசினா 200 சரிதான். வெள்ளி உருகுறது 962 டிகிரின்னாலும் வயர் இவ்ளோ மெல்லிசா இருக்கும்போது மேல இருக்கிற அணுக்கள் அதுக்கு ரொம்ப முன்னாடியே நகந்து ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கும். ஆனா அவங்களே குடுத்த பெட் ஷீட்டு அந்த சூட்ட எங்க தாங்கும், 80 டிகிரி கிட்டயே எளக ஆரம்பிச்சிடும், எங்களோடது சுருண்டே போச்சு. சூடு ஓவரானா வயரும் துண்டாகி மணி மணியா உருண்டுடும், அதப் பத்தி எச்சரிக்கையே இல்ல. கஸ்டமர் கேர்ல கேட்டா அதே குறிப்ப திருப்பி அனுப்புறாங்க, இது எனக்கு நெஜமாவே கோவம்.

எங்களுக்கு கை குடுத்தது நீராவி. வயர் சந்திக்கிற இடுக்குல தங்குற தண்ணி காயும்போது சுருங்கி ரெண்டையும் இழுத்து அமுக்கும், அந்த அழுத்தத்துலயே வெள்ளி சூடில்லாம ஒட்டிக்கும். 2010லயே 10 நானோமீட்டருக்கும் மெல்லிசான தங்க வயர் ரெண்ட எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குள்ள தொட வச்சு, சில நொடில சூடில்லாம ஒட்டினத காட்டியிருக்காங்க. சுடுதண்ணி ஆவில காட்டி காய விட, திரும்ப காட்ட, ரெசிஸ்டன்ஸ் இறங்கிட்டே வந்துச்சு. ஒட்டுறது காயும்போதுதான், அதனால நம்ம ஊரு மழை மாசத்துல ஜன்னல சாத்திட்டு பக்கத்துல ஒரு குண்டு பல்பு போட்டுக்கோங்க, இல்லன்னா நாள் முழுக்க ஈரமாவே இருக்கும்.

வெளிச்சத்தால ஒட்டுற வழியும் இருக்கு, 2012ல ஸ்டான்போர்டுல செஞ்சது. வயருக்கு நடுவுல இருக்கிற இடுக்குலதான் ஒளி குவிஞ்சு சூடாகும், ஒட்டினதும் இடுக்கு போயிடும் சூடும் தானா நின்னுடும், பிளாஸ்டிக்குக்கு ஒண்ணும் ஆகாது. எவ்ளோ அழகான விஷயம்! அதுக்கு தக்க விளக்கு எங்க லேப்ல இல்ல.

12 வோல்ட் குடுத்தா இப்ப ஷீட்டுல பனி தங்குறதில்ல. வெள்ளி ஈரத்துலயும் கந்தகத்துலயும் கருத்துடும், அதனால மேல ஒரு கோட்டிங் கட்டாயம்.

வயருக்கு 5, குறிப்புக்கு 1. காலேஜ் லேபுக்கு தாராளமா வாங்கலாம், ஓவன்லதான் வைக்கப் போறீங்கன்னா கண்ணாடி ஸ்லைடு தனியா வாங்கிக்கோங்க.