‘உலர்ந்த ஓக்’ என்று வந்தது பச்சை மரம்: வில் செய்ய ஆசைப்படுபவர்கள் கவனத்துக்கு

என் இடது புருவத்தில் மூன்று தையல் போட்டிருக்கிறார்கள். வில் ஒடிந்து தெறித்த சிலாம்பு கிழித்த இடம் அது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். பக்கத்தில் அண்ணன் மகன் நின்றிருந்தான், ஒன்பது வயதுப் பையன். அவன் மேல் பட்டிருந்தால் என்று நினைத்தால் இன்றும் தூக்கம் வருவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மர வில் ஒன்றை என் கையாலேயே செய்ய வேண்டும் என்பது பல வருட ஆசை. எந்த மரம், எப்படிச் சீவுவது என்று ஒன்றும் தெரியாத நேரத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ‘இரண்டு வருடம் நிழலில் உலர்த்திய ஓக், ஆறடிக் கட்டை, வில்லின் முதுகில் ஒட்ட பச்சைத் தோல், நாண், செய்முறைக் கையேடு, எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய்.’ ஓக் மரத்தில் வில் செய்யலாம் என்று படித்திருந்தேன். உடனே பணத்தைக் கட்டிவிட்டேன்.

கட்டை கோவைக்கு வந்து சேர்ந்த அன்று எங்கள் தெரு ஆசாரி அண்ணனிடம் ஆசையாகக் காட்டினேன். கையில் வாங்கியதும் அவர் முகம் மாறியது. “தம்பி, இது ஓக்குன்னு யார் சொன்னா? இது சில்வர் ஓக்கு. டீ எஸ்டேட்ல நிழலுக்கு வைக்கிற மரம். ஈரமும் இன்னும் காயல.” சில்வர் ஓக்குக்கும் உண்மையான ஓக்குக்கும் உறவே கிடையாது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம் அது. அறுத்த பலகையில் ஓக்கைப் போலவே பளபளக்கும் புள்ளிகள் தெரியும், பெயரிலும் ஓக் இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவன் ஏமாற அவ்வளவு போதும்.

வீட்டு எடைமெஷினில் வைத்துப் பார்த்தேன். வந்த அன்று 2 கிலோ 140 கிராம். பரண்மேல் வைத்து வாரம் ஒருமுறை எடை குறித்தேன். ஒன்பது வாரம் இறங்கிக்கொண்டே வந்து 1 கிலோ 610 கிராமில்தான் நின்றது. அரை கிலோவுக்கு மேல் தண்ணீரை மரத்தின் விலைக்கு வாங்கியிருக்கிறேன். நுனிகளில் மெழுகோ பெயின்டோ பூசாமல் அனுப்பியதால் இரண்டு பக்கமும் நீள வெடிப்பு வேறு. நல்ல வில்மரத்தில் ஈரம் எட்டு முதல் பத்து சதவீதம் வரைதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஈரத்தோடு சீவி வளைத்தால் வளைந்த வாக்கிலேயே நின்றுவிடும், அம்பைத் தள்ள வலு இருக்காது.

தோலும் பொய்தான். முதுகில் ஒட்ட வேண்டிய பச்சைத் தோல் என்பது பதனிடாத தோல். காய்ந்தால் விறைத்து, மரத்தின் நார் கிளம்பாமல் பிடித்துக்கொள்ளும். எனக்கு வந்தது பதனிட்ட ஆட்டுத் தோல். இழுத்தால் ரப்பராக நீள்கிறது, அதை ஒட்டுவதும் ஒட்டாததும் ஒன்று. நாண் என்று வைத்திருந்தது நைலான் கயிறு, அதுவும் நீளும். இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு நாண் மட்டும் தனியாக வாங்கினேன்.

ஆனால் நாரோட்டம், அதாவது மரத்தின் நார் ஓடும் போக்கு, அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். வில்லை வளைக்கும்போது எய்பவனுக்கு எதிர்ப்பக்கம், அதாவது முதுகு, இழுபடும். நம்மைப் பார்த்திருக்கும் வயிறு நசுங்கும். முதுகில் நார் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அறுபடாமல் ஓட வேண்டும். அதற்காகவே வில் செய்பவர்கள் மரத்தின் ஒரே ஆண்டு வளையத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை சீவுவார்கள், கட்டையையும் ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்து எடுப்பார்கள். என்னுடையது மில்லில் அறுத்த பலகை. நார் சாய்வாக ஓடி நடுவிலேயே விளிம்பைத் தாண்டிப் போயிருந்தது. அன்று அது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

அவசரப்பட்டுச் செய்யவில்லை. சுவரில் மாட்டி, கப்பியில் கயிறு போட்டுத் தள்ளி நின்று இழுத்து, வில்லின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒன்றுபோல் வளையும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். நாணை 20 அங்குலம் இழுக்கும்வரை தாங்கியது. பிறகு கையில் எடுத்து இழுத்தேன். 22 அங்குலத்தில் படாரென்று போனது.

விற்றவருக்குப் படம் அனுப்பினேன். “உங்களுக்குச் சீவத் தெரியவில்லை” என்று பதில். மெலிந்த இடத்தில் ஒடிந்திருந்தால் என் தப்பு என்று ஒப்புக்கொள்வேன். ஒடிந்தது தடித்த இடத்தில், நாரின் சாய்வை ஒட்டியே நீளமாக. உடைந்த துண்டில் ஒரு சொட்டு பேனா மை விட்டேன், நார் போன போக்கிலேயே மையும் சாய்ந்து ஓடியது. அந்தப் படத்தையும் அனுப்பினேன். அதன்பிறகு என் எண்ணைத் தடை செய்துவிட்டார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் ஒன்றும் நடக்கவில்லை.

இங்கிலாந்தில் 1484இல் ஒரு சட்டமே வந்தது. இத்தாலிய வணிகர்கள் வில்கட்டைகளைத் தரம் பிரிக்க விடாமல் நல்லதையும் கெட்டதையும் கலந்து விற்கிறார்கள், நூறு கட்டை இரண்டு பவுண்டாக இருந்தது எட்டு பவுண்டு ஆகிவிட்டது என்பது வில் செய்பவர்களின் முறையீடு. அதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இல்லை, கோபம்தான் வந்தது. கட்டையைப் புரட்டிப் பார்க்க விடாமல் விற்பது அத்தனை பழைய வேலை.

தொடங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் வில்லுக்குத் தபாலில் மரம் வாங்காதீர்கள். நம் பக்கத்தில் கல்மூங்கில் கிடைக்கிறது. மூங்கிலின் வெளித்தோலே முதுகு, வளையம் தேட வேண்டிய வேலையே இல்லை. கணுக்களை முதுகுப் பக்கம் லேசாக மட்டும் தேய்த்துவிட்டு, உள்பக்கத்தை மட்டும் சீவினால் போதும். என் இரண்டாவது வில் அப்படிச் செய்ததுதான், மூங்கிலுக்கு ஆன செலவு 150 ரூபாய். மரம்தான் வேண்டும் என்றால் சடச்சி கிடைக்குமா என்று மரக்கடையில் கேளுங்கள். சில ஊரில் தடசு என்பார்கள். கோடரிக் காம்புக்குப் போடும், வளைந்து கொடுக்கும் மரம். நேரில் போய் பக்கவாட்டுக் கோடுகளைப் பாருங்கள், மை விட்டுப் பாருங்கள், எடை இறங்குவது நிற்கும்வரை உளி வைக்காதீர்கள்.

இதே போன்ற வில் செய்யும் தொகுப்பை வாங்கி, வில் செய்து ஏற்கெனவே நாண் ஏற்றியிருந்தால், இன்றே இறக்கிவிடுங்கள். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.