விக்ஸா, வேர்ட்பிரஸா?

சின்னக் கடைக்கு இணையதளம் போட வேண்டும் என்று யார் கேட்டாலும் பேச்சு தளம் கட்ட உதவும் இந்த இரண்டு கருவிகளில்தான் வந்து நிற்கிறது.

விக்ஸில் இழுத்துப் போட்டே பக்கம் கட்டலாம்; ஒரு சனி, ஞாயிறு போதும். சர்வர், அப்டேட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் அது வாடகை வீடு. கட்டிய தளத்தை அப்படியே பெயர்த்து வேறு ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தை வைக்க இன்னொரு நிறுவனம் தரும் சர்வர் இடத்துக்கு, கொண்டுபோக முடியாது. இன்னொருவர் இடத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடை விவரத்தைக் காட்டும் பிசினஸ் ப்ரொஃபைலோடு இலவசமாகத் தந்த தளங்களை 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்தியபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு இணைய முகவரியே இல்லாமல் போனது.

வேர்ட்பிரஸ் 2003 முதல் இருக்கும் திறமூல மென்பொருள்; அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம். அதற்குக் காசில்லை, ஹோஸ்டிங்குக்கும் டொமைனுக்கும் (தளத்தின் இணைய முகவரிப் பெயர்) உண்டு. ஹோஸ்டிங் சரியில்லையென்றால் தளத்தை மூட்டை கட்டிக்கொண்டு வேறிடம் கிளம்பலாம். பிளகின்களை, அதாவது கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சின்ன மென்பொருள்களை, அப்டேட் செய்யாமல் விட்டால் மட்டும் திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. பேக்கப்பும் நம் வேலைதான்.

பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் வேர்ட்பிரஸ் என்பேன்; தனி ஆளாகக் கடை நடத்துபவருக்கு விக்ஸ். எதுவானாலும் டொமைனை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். தளம் செய்து தருபவர் பெயரில் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், தெரிந்த முறுக்குக் கடை ஒன்றின் தளத்தில் போன் எண் படத்துக்குள் இருந்தது. தொட்டால் அழைப்பு போகவில்லை. எழுத்தாக மாற்றி, தொட்டதும் அழைக்கும்படி செய்ய ஐந்து நிமிடம்தான் ஆனது.