பொய் சொல்லும் கூலன்ட் விளக்கு: சுத்தம் செய்வதா, தொட்டியை மாற்றுவதா?

என் காருக்கு வயது 17. ஒரு கட்டத்தில், காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்தவுடன் கூலன்ட் விளக்கு, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைந்தால் எரிய வேண்டிய விளக்கு, சிவப்பாக மின்னத் தொடங்கியது. பானெட்டைத் திறந்து பார்த்தால் கூலன்ட் அதன் தொட்டியில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே சரியாக நிற்கும். பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்தால் விளக்கு வராது.

இதற்கு மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. தொட்டியைக் கழற்றி, அதன் மட்டத்தை உணரும் சென்சாரைச் சுத்தம் செய்வது ஒன்று. சென்சாரோடு சேர்த்துத் தொட்டியையே மாற்றுவது இன்னொன்று. சென்சாரின் வயர் கனெக்டரில் ஒரு ரெசிஸ்டரை (மின்தடைத் துண்டு) பொருத்தி விளக்கு எரியாமலே செய்துவிடுவது மூன்றாவது. நான் முதல் வழியை இரண்டு முறை முயன்றுவிட்டு இரண்டாவதுக்கு வந்தவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

எச்சரிக்கை பொய்தானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கும்போது மார்க்கரால் தொட்டியின் வெளிப்புறத்தில் கூலன்ட் மட்டத்தைக் குறித்துவைத்து ஒரு வாரம் பாருங்கள். மட்டம் இறங்கினால் விளக்கு சொல்வது உண்மை. கசிவைத் தேடுங்கள், எண்ணெய் மூடிக்கு அடியில் பால் போன்ற படிவும், புகைபோக்கியில் ஓயாத வெண்புகையும் இருந்தால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) சந்தேகியுங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தொட்டு, அழுத்தத்தில் அடங்கியிருக்கும் திரவம்.

என் காரில் இருப்பது இரட்டைக் கம்பி சென்சார். தொட்டியின் அடியில் இரண்டு உலோகக் கம்பிகள் கூலன்ட்டில் மூழ்கி நிற்கும். கூலன்ட் மின்சாரத்தைக் கடத்தும். கடத்தினால் தொட்டி நிறைந்திருக்கிறது, கடத்தாவிட்டால் காலி. அதற்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். கம்பிகளின்மேல் பழுப்பு நிறப் படிவு ஏறும்போது மின்தடை கூடிவிடுகிறது, தொட்டி நிறைந்திருந்தும் விளக்கு எரிகிறது. திரவம் குளிர்ந்திருக்கும்போது கடத்துதிறன் இன்னும் குறையும். காலையில் மட்டும் விளக்கு வந்ததன் காரணம் இதுதான். ஆண்டுக்கணக்கில் வெறும் வடிநீரை (டிஸ்டில்ட் வாட்டர்) மட்டும் ஊற்றி நிரப்பிவந்தாலும் இதே கோளாறு வரும். வடிநீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. நான் செய்துவந்த தவறும் இதுவே. கூலன்ட்டும் நீரும் பாதிக்குப் பாதி என்ற கலவையை முதலில் சரிசெய்தேன். விளக்கு வருவது குறைந்தது, நிற்கவில்லை.

கோளாறு தொட்டியிலா வயரிலா என்பதையும் எளிதாகப் பிரித்தறியலாம். இரட்டைக் கம்பி வகையில் கனெக்டரைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். விளக்கு அணைந்தால் வயரும் மீட்டரும் நலம், குற்றவாளி தொட்டிதான். மிதவையும் காந்தமும் கொண்ட சென்சார் என்றால் சில கார்களில் இது தலைகீழாக இருக்கும். சர்வீஸ் கையேட்டைப் பார்த்துவிட்டுக் கை வைப்பது நல்லது. அந்த வகையை நான் ஒரே ஒரு காரில்தான் கழற்றியிருக்கிறேன். அதில் சென்சார் தனியாக வந்தது, அதை மட்டும் மாற்றியதும் சரியாகிவிட்டது. அப்படிப்பட்ட கார் உங்களுடையது என்றால் கீழே நான் சொல்வது அவ்வளவாகப் பொருந்தாது.

ரெசிஸ்டர் வழியைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. மட்ட விளக்கு இல்லாவிட்டாலும் வெப்பமானி இருக்கிறதே என்பார்கள். வெப்ப சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். குழாய் வெடித்துக் கூலன்ட் வெளியேறிவிட்டால் அது காற்றில் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் நடுவிலேயே இருக்கலாம். அந்த நேரத்தில் முன்கூட்டியே கூப்பிடக்கூடியது மட்ட விளக்கு ஒன்றுதான். அதைக் குருடாக்குவதை என்னால் ஏற்க முடியாது.

சுத்தம் செய்வது நியாயமான வழி. தொட்டியைக் கழற்றி, வெந்நீரில் வினிகர் கலந்து ஊறவைத்து, பஞ்சு சுற்றிய வளைந்த கம்பியால் தேய்த்து, வடிநீரில் அலசினேன். செலவே இல்லை. ஆனால் தொட்டிக்குள் தடுப்புச் சுவர்கள் இருப்பதால் கம்பிகளின் பின்பக்கத்தை எட்ட முடியவில்லை. முதல் சுத்தம் நான்கு மாதம் தாங்கியது, இரண்டாவது ஐந்தே வாரம். அரித்துச் சொரசொரப்பான உலோகத்தில் படிவு இன்னும் எளிதாக ஒட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு முறையும் கூலன்ட்டை வடித்து, தொட்டியைப் பொருத்தி, ஹீட்டரைத் திறந்துவைத்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். அரை நாள் போய்விடும். வடித்த கூலன்ட்டைத் திறந்துவைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், பூனையும் நக்கக்கூடும்; அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் உயிரைப் பறிக்கும் நஞ்சு.

என்னை முடிவுக்குத் தள்ளியது சென்சார் அல்ல, தொட்டிதான். இரண்டாம் முறை கழற்றியபோது உள்ளே டார்ச் விளக்கை வைத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. இரு பாதிகளும் ஒட்டும் விளிம்பில், கீழ்க்குழாய்க்கு அருகே, தலைமுடி அளவு விரிசல் ஒன்று. அதன் ஓரத்தில் உலர்ந்த இளஞ்சிவப்புப் பொருக்கு. அழுத்தம் ஏறும்போது மட்டும் அது துளித்துளியாகக் கசிந்திருக்கிறது. ஒரு வாரத்தில் மார்க்கர் கோட்டில் தெரியாத அளவுக்குச் சிறிய கசிவு. ஒவ்வொரு பயணத்திலும் சூடேறி, சுமார் ஒரு பார் அழுத்தம் தாங்கி, மறுபடி ஆறி, 15 ஆண்டுக்கு மேல் உழைத்த பிளாஸ்டிக் அது. சென்சாரை எவ்வளவு பளபளப்பாக்கினாலும் அந்த விளிம்பின் ஆயுள் கூடாது. பழைய காரைப் பராமரிக்கும்போது, ஒரு பாகத்துக்காகக் கையை அழுக்காக்கினால் அதே இடத்துக்கு மறுபடி போக வேண்டியிராத வழிதான் எனக்குச் சரி. சென்சார் தொட்டியோடு வார்க்கப்பட்டிருக்கும் கார்களில் அந்த வழி தொட்டியை மாற்றுவதுதான்.

தொட்டி இன்னும் வெளுப்பாக, விளிம்பில் விரிசலின்றி இருந்தால், முதலில் சுத்தம் செய்து பாருங்கள். என் புதிய தொட்டிக்கும் 14 மாதம்தான் ஆகிறது; பத்து ஆண்டு தாங்குமா என்பதற்கு நான் சாட்சி சொல்ல முடியாது. மூடியையும் கூடவே மாற்றினேன். அழுத்த அளவு பழைய மூடியில் அச்சிட்டிருந்ததேதான் என்று பார்த்து வாங்கினேன்.

புதிய தொட்டியில் கூலன்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் சாவியைத் திருப்பிப் பார்த்தேன். கம்பிகள் வெளியே தெரிந்தவரை விளக்கு மின்னியது. திரவம் அவற்றை மூடியதும் அணைந்தது.